காரை தாழ்த்த வீட்டு வாசலிலேயே ஸ்பிரிங் மாற்றும் வாலிபர்கள்: 4 செ.மீ. ஆசை உயிருக்கே உலை வைக்கும், உஷார்!

சென்னை:

பெசன்ட்நகர் பீச் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். போகிற கார்களில் ஒன்றிரண்டு தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு போகும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ரெண்டு விரல் கூட நுழையாது. வேகத்தடை வந்தால் டிரைவர் காரை குறுக்காக வளைத்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தே ஓய்ந்து விடுவார்.

கம்பெனியில் இருந்து வரும்போது அந்த கார் அப்படி இல்லை. வாங்கிய பிறகு ஒரிஜினல் ஸ்பிரிங்கை கழற்றிவிட்டு, உயரம் குறைந்த ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். இதற்கு "லோயரிங் ஸ்பிரிங்" என்று பெயர். 3 செ.மீ. முதல் 4 செ.மீ. வரை கார் கீழே இறங்கும். பார்க்க ரேஸ் கார் மாதிரி கெத்தாக இருக்கும் என்பதுதான் வாலிபர்கள் கணக்கு.

ஒர்க்ஷாப்பில் விட்டு செய்தால் கூலி ஆகிறதே என்று, இன்டர்நெட்டில் வீடியோ பார்த்துவிட்டு வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்து மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். புது ஸ்பிரிங் வாங்க காசு இல்லாதவர்கள், இருக்கிற ஸ்பிரிங்கையே கட்டிங் மிஷினில் ஒரு சுற்று வெட்டி விடுகிறார்கள்.

இதில் என்னதான் நடக்கிறது? எங்கே ஆபத்து? சட்டம் என்ன சொல்கிறது? விவரம் வருமாறு:-

மீன்பாடி வண்டி தத்துவம்

காரை தாழ்த்துவதில் விஷயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம்ம ஊர் மீன்பாடி வண்டியை பாருங்கள். மூட்டை மூட்டையாக ஏற்றினாலும் வளைவில் சட்டென்று கவிழாது. காரணம், பலகை தரையை ஒட்டி இருக்கிறது. பாரம் கீழே இருந்தால் வண்டி நிலையாக நிற்கும். அதே மூட்டைகளை உயரமான வண்டியில் அடுக்கி வளைத்துப் பாருங்கள், தெரியும் சேதி.

காருக்கும் அதே கணக்குதான். வளைவில் திரும்பும்போது எடை எல்லாம் வெளிப்பக்க சக்கரங்களுக்கு தள்ளப்படும். கார் எவ்வளவு உயரமோ அந்த அளவுக்கு தள்ளுவதும் அதிகம். கீழே இறக்கினால் சாய்வு குறையும், டயர் நாலும் ரோட்டை நன்றாக பிடிக்கும். ரேஸ் கார்கள் தரையை நக்கிக்கொண்டு ஓடுவது இதனால்தான்.

சென்னைக்காரர்களுக்கு ரேஸ் ஒன்றும் புதுசு இல்லை. ஒரு காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் என்றால் ஊரே திரண்டு போகும். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனி மைதானமே வந்துவிட்டது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1-ந்தேதிகளில் தீவுத்திடலை சுற்றி ராத்திரியில் பார்முலா-4 கார் ரேஸ் நடந்ததையும் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். சுமார் 3½ கிலோ மீட்டர் ரோடு. நாம் தினமும் பஸ்சில் போகிற அதே அண்ணாசாலை பகுதிதான்.

ஆனால் அந்த ரேசுக்காக ரோட்டை புதுசாக போட்டு, ரெண்டு பக்கமும் தடுப்பு கட்டி, ஒரு சின்ன பள்ளம் கூட இல்லாமல் செய்தார்கள். மறுநாள் நாம் ஓட்டப் போவது தி.நகர் உஸ்மான் ரோட்டிலும், மயிலாப்பூர் மாட வீதியிலும்!

வேகத்தடை கணக்கு

கொஞ்சம் கணக்கு போடலாம். சாதாரண மாருதி ஸ்விப்ட் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் வந்த மாடலில், ஆள் ஏறாதபோது தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி 163 மில்லி மீட்டர். அதாவது 16 செ.மீ. சொச்சம். இதில் 4 செ.மீ. இறக்கினால் மீதி 12 செ.மீ. வீட்டில் நாலு பேர் ஏறி, டிக்கியில் ரெண்டு பை வைத்தால் இன்னும் 2, 3 செ.மீ. அமுங்கும். கடைசியில் கையில் நிற்பது 10 செ.மீ.க்கும் குறைவு.

வேகத்தடைக்கு என்று ஒரு அளவு இருக்கிறது. இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். "உயரம் 10 செ.மீ. என்றால் கார் இடிக்குமே" என்று தோன்றும். இடிக்காது. 3.7 மீட்டர் அகலம் என்பது காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை விட அதிகம். ஸ்விப்டில் அந்த தூரம் 2.45 மீட்டர்தான். அதனால் முன், பின் சக்கரங்கள் ஒரே நேரத்தில் அந்த மேட்டின் மேலேயே நிற்கும். நடு வயிற்றுக்கு நேர் கீழே மேடு எழும்புவது 4½ செ.மீ. அளவுதான். தாழ்த்திய கார் கூட மெதுவாக போனால் தப்பித்துவிடும்.

அந்த அளவில் வேகத்தடை போட்டிருந்தால் என்பதுதான் இங்கே பிரச்சினை. தெருக்காரர்களே ராத்திரியோடு ராத்திரியாக சிமெண்டை கொட்டி போடும் வேகத்தடை ஒரு முழம் அகலம்தான் இருக்கும். உயரமோ அரை அடி! முன் சக்கரம் ஏறி இறங்கியதும் மேடு நேராக காரின் அடிவயிற்றுக்கு வந்து நிற்கும். அப்போது முழு உயரமும் இடிக்கும். பம்பர் உரசினால் கீறலோடு போகும். என்ஜினுக்கு கீழே ஆயில் நிற்கும் தொட்டி இருக்கிறதே, மெக்கானிக்குகள் "சேம்பர்" என்பார்களே, அது அடிபட்டால் ஆயில் எல்லாம் ரோட்டில் கொட்டும். கவனிக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் என்ஜின் சிக்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கில் மிச்சம் பிடித்த காசு எந்த மூலைக்கு?

மழை வந்தால்...

சென்னையில் காரின் உயரம் அழகு சமாச்சாரம் மட்டும் இல்லை. மழைக்காலத்தில் அது காரின் உயிர்.

தி.நகரையும் மேற்கு மாம்பலத்தையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை ரெண்டிலும் பெரிய மழை பெய்தால் தண்ணீர் நிற்பதை பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது கோட்டூர்புரத்தில் கார்கள் முழுகின. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் அட்டைப்பெட்டி மாதிரி அடித்துக்கொண்டு போனதை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். மேலே சொன்ன தீவுத்திடல் கார் ரேஸ் கூட முதலில் அந்த டிசம்பரில்தான் நடப்பதாக இருந்தது. புயல் வெள்ளத்தால் தள்ளி வைக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மக்கள் காரை கொண்டுபோய் மேம்பாலத்தின் மேலே வரிசையாக நிறுத்திவிட்டார்கள்.

கார் என்ஜின் காற்றை இழுக்கும் வாய் ஒன்று முன்பக்கம் இருக்கிறது. தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்து உள்ளே போய்விட்டால், என்ஜினுக்குள் இருக்கும் ராடு வளைந்து மொத்தமும் நாசம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. காரை 4 செ.மீ. இறக்கினால் அந்த வாயும் 4 செ.மீ. கீழே வருகிறது.

இதனால்தான் கால் டாக்சி ஓட்டுகிறவர்களில் பலர் நேர் எதிராக செய்கிறார்கள். ஸ்பிரிங் சுருளுக்கு நடுவில் ரப்பர் பஃபரை செருகி, காரை 1, 2 செ.மீ. தூக்கி வைக்கிறார்கள். அண்ணாசாலை ஜி.பி. ரோட்டு கடைகளில் ஒரே நாளில், ஒரே கவுண்டரில், ஒருவர் காரை தூக்க சாமான் கேட்பார், அடுத்தவர் இறக்க சாமான் கேட்பார். ரப்பர் செருகுவதும் முழுசாக நல்லது என்று சொல்ல முடியாது. ரப்பர் இருக்கும் இடத்தில் சுருள் அசையாது, அந்த வேலையும் மற்ற சுருள்கள் தலையில் விழும். ஆனால் பிழைப்புக்காக ஓட்டுகிறவர் எந்த பக்கம் போகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

வெட்டினால் வினை

இனி ஸ்பிரிங் வெட்டும் விஷயத்துக்கு வருவோம். இதுதான் மிகப்பெரிய தப்பு.

புதுப்பேட்டைக்கு போனால் பழைய ஸ்பிரிங் மலை மாதிரி குவிந்து கிடக்கும். அதில் ஒன்றை வாங்கி, அல்லது வண்டியில் உள்ளதையே கழற்றி, ஒரு சுற்றை வெட்டினால் கார் இறங்கிவிடும். உண்மைதான். கூடவே மூன்று வேலை நடக்கிறது.

முதலில், ஸ்பிரிங் விறைத்துவிடும். ஸ்பிரிங் என்பது சுருட்டி வைத்த கம்பிதான். கம்பி நீளமாக இருந்தால் மெத்தென்று அமுங்கும், குட்டையாக இருந்தால் அமுங்காது. வேலை செய்யும் சுருள் 6 இருக்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். பள்ளத்தில் விழும்போது அடி நேராக முதுகெலும்புக்கு வரும்.

ரெண்டாவது, ஒரிஜினல் ஸ்பிரிங்கின் கடைசி சுற்று, கீழே உள்ள தட்டில் சரியாக உட்காருவதற்கு ஏற்ற மாதிரி வடிவமைக்கப்பட்டிருக்கும். வெட்டிய முனை அப்படி உட்காராது. மேம்பாலத்தில் இருந்து இறங்கும்போதோ, பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதோ குட்டை ஸ்பிரிங் லூசாகி, தட்டை விட்டே நகர்ந்துவிடும். வளைவில் வேகமாக போகும்போது அது நடந்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது.

மூன்றாவது கேஸ் வெல்டிங் கூத்து. வெட்டுவதற்கு பதிலாக, ஸ்பிரிங்கை காரிலேயே வைத்து கேசால் சிவக்க காய்ச்சி, தானாக அமுங்க விடுகிறவர்களும் உண்டு. ஸ்பிரிங் இரும்பை காய்ச்சி, குளிர வைத்து, மறுபடியும் பதமாக சூடேற்றித்தான் அந்த துள்ளலை கொண்டு வருகிறார்கள். கண்டபடி சிவக்க காய்ச்சினால் அந்த பதம் போய்விடும். பிறகு அது வெறும் கம்பி. என்றைக்கு ஒடியும் என்று சொல்ல முடியாது.

நல்ல கம்பெனி லோயரிங் ஸ்பிரிங் இப்படி இல்லை. குட்டையாக இருந்தாலும் அதற்கு தகுந்த விறைப்போடு, முனை சரியாக உட்காரும்படி செய்திருப்பார்கள். ஜெர்மனியில் இப்படிப்பட்ட ஸ்பிரிங்குக்கு எந்த காருக்கு பொருந்தும் என்று பரிசோதனை சான்றிதழோடு விற்பனை நடக்கிறது. அதை காரின் பேப்பரிலும் பதிவு செய்ய வேண்டும்.

எமனாகும் ஜாக்கி

சரி, நல்ல ஸ்பிரிங்கே வாங்கியாகிவிட்டது. வீட்டில் மாட்டலாமா? வேலை தெரிந்தவர், சாமான் இருப்பவர் மாட்டலாம். ஆனால் சென்னையில் "வீட்டில்" என்றால் எங்கே? மயிலாப்பூர் சந்தில் கார் நிற்பதே தெருவில். ஒரு பக்கம் சாக்கடை மூடி, இன்னொரு பக்கம் சரிவு. அடையாறு அடுக்குமாடி என்றால் கீழே பார்க்கிங்கில் செய்யலாம், தரையாவது சமமாக இருக்கும்.

காரோடு கொடுக்கும் ஜாக்கி பஞ்சர் ஆன சக்கரத்தை மாற்ற மட்டும்தான். அதை நம்பி காருக்கு அடியில் தலையை விடக்கூடாது. சுமார் 900 கிலோ எடை. ஒரு சின்ன குலுக்கலில் ஜாக்கி சாய்ந்தால் ஓடி வர நேரம் கிடைக்காது.

எனக்கே ஒரு தடவை நடந்தது. மே மாத வெயில், மத்தியானம் 2 மணி. ரோட்டோரம் பஞ்சர் மாற்ற ஜாக்கி போட்டேன். சக்கரத்தை கழற்றி கீழே வைத்துவிட்டு ஸ்டெப்னியை எடுக்க பின்னால் போனேன். தார் இளகிப்போய் ஜாக்கியின் கால் மெல்ல உள்ளே இறங்கி, கார் டொம் என்று உட்கார்ந்தது. நான் பின்னால் இருந்ததால் பிழைத்தேன். அன்றில் இருந்து ஒரு பலகைத் துண்டு எப்போதும் டிக்கியில் கிடக்கிறது.

ஸ்பிரிங் மாற்ற வேண்டும் என்றால் கட்டாயம் ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, கையால் நன்றாக தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வேலையை தொடங்க வேண்டும். கழற்றிய சக்கரத்தை காருக்கு அடியில் படுக்க வைப்பது மெக்கானிக்குகளின் பழைய பழக்கம். எது தவறினாலும் கார் அதன் மேல் விழும், ஆள் மேல் விழாது. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்க வேண்டும். செங்கல் வேண்டாம், நொறுங்கிவிடும்.

அமுங்கிய பூதம்

இதை விட பெரிய ஆபத்து ஸ்பிரிங்கிலேயே இருக்கிறது.

இன்றைய சின்ன கார்களில் முன்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஒன்றாக சேர்ந்த தூண் மாதிரி இருக்கும். இதை "ஸ்ட்ரட்" என்பார்கள். பானட்டை திறந்தால் ரெண்டு பக்கமும் மேலே நட்டுகள் தெரியும். நடுவில் தனியாக பெரிய நட்டு ஒன்று இருக்கும். இந்த நடு நட்டில்தான் உயிர் ஊசலாடுகிறது.

காரில் இருந்து ஸ்ட்ரட்டை வெளியே எடுத்த பிறகும் உள்ளே ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கும். அதை அடக்கி வைத்திருப்பது அந்த ஒரே நட்டு. தெரியாதவர்கள் ஸ்பேனரை போட்டு அதை கழற்றினால் மேல் மூடியும் ஸ்பிரிங்கும் துப்பாக்கி குண்டு மாதிரி கிளம்பும். முகத்திலோ நெஞ்சிலோ பட்டால் அவ்வளவுதான்.

இதற்கென்றே "ஸ்பிரிங் கம்ப்ரசர்" என்ற சாமான் இருக்கிறது. கொக்கியோடு கூடிய நீளமான ரெண்டு போல்ட். ஸ்பிரிங்கின் எதிர் எதிர் பக்கத்தில் மாட்டி, இந்த பக்கம் ரெண்டு சுற்று, அந்த பக்கம் ரெண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒரே பக்கம் முறுக்கினால் ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைந்து கொக்கி நழுவும். மேல் தட்டில் இருந்து ஸ்பிரிங் விலகி, கையால் ஆட்டினால் ஆடுகிறது என்று தெரிந்த பிறகுதான் நடு நட்டில் கை வைக்கலாம். அப்போதும் முகத்தை ஸ்ட்ரட்டுக்கு நேராக வைக்கக்கூடாது. கயிற்றால் கட்டுவது, கம்பியால் சுற்றுவது, நண்பனை மேலே உட்கார வைப்பது எல்லாம் சுடுகாட்டுக்கு டிக்கெட்.

பின்பக்கம் இவ்வளவு தொல்லை இல்லை. ஸ்விப்ட் மாதிரி கார்களில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சர்பர் தனி. அச்சுக்கு அடியில் ஜாக்கி முட்டுக்கொடுத்து, ஷாக் அப்சர்பரின் கீழ் போல்ட்டை கழற்றி, அச்சை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸ் பைப் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டும்போது ஒரு விஷயத்தை நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை கார் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, காரின் எடை இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். அந்தக் கால அம்பாசடரில் பின்னால் பட்டை ஸ்பிரிங். ஒரு பட்டையை உருவினால் வண்டி இறங்கிவிடும், வேலை முடிந்தது. இப்போது அப்படி இல்லை.

டயரை தின்னும்

மாட்டியாகிவிட்டது என்று உடனே இ.சி.ஆர். பக்கம் கிளம்பிவிட வேண்டாம். கார் இறங்கினால் சக்கரத்தின் சாய்வும், முன் சக்கரங்கள் நேராக பார்க்கும் கோணமும் மாறிவிடும். கண்ணுக்கு தெரியாது. டயர் காட்டிக்கொடுக்கும். வெளியே இருந்து பார்த்தால் டயர் புதுசு போல் இருக்கும், உள்பக்க ஓரம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து கம்பி தெரியும். மழை ரோட்டில் பிரேக் போட்டால் வழுக்கும். அதனால் ஸ்பிரிங் மாற்றிய உடனே வீல் அலைன்மென்ட் செய்தாக வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் ஓட்டிய பிறகு ஸ்பிரிங் நன்றாக உட்கார்ந்ததும் இன்னொரு தடவை பார்ப்பது நல்லது. முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காவிட்டால் ஹெட்லைட் வெளிச்சத்தையும் சரி செய்ய வேண்டும். எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தால் அவருக்கும் ஆபத்து.

பழைய ஷாக் அப்சர்பரையே வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுகிறவர்களுக்கு இன்னொரு செலவும் காத்திருக்கிறது. ஷாக் அப்சர்பர் ஏறி இறங்க உள்ள இடம் குறைந்துவிடுவதால் பள்ளத்துக்கு பள்ளம் அடியில் போய் முட்டும். ஏற்கனவே 60, 70 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடியது என்றால் சீக்கிரமே ஆயில் கசிய தொடங்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019-ம் ஆண்டு ஜனவரி 9-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

அதே ஆண்டு சட்டத்தில் திருத்தம் வந்தது. புதிதாக சேர்த்த 182-ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத பாகத்தை மாட்டி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒரு மாற்றத்துக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது ரெண்டும் விதிக்கலாம். "ஒரு மாற்றத்துக்கு" என்பதை கவனிக்க வேண்டும். ஸ்பிரிங், சைலன்சர், அகல டயர் என்று மூன்று மாற்றினால் கணக்கு ரூ.15 ஆயிரத்துக்கு போகும்.

"ஆர்.சி. புக்கில் உயரமே போடவில்லையே, ஸ்பிரிங் மாற்றினால் எப்படி குற்றம்?" என்று கேட்கிற வாலிபர்கள் உண்டு. வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை ரோட்டில் நிறுத்தும் சார்ஜெண்டிடம் சொல்லி ஜெயிக்க முடியுமா என்பது வேறு. தேய்ந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அதே அளவு, அதே ரக ஸ்பிரிங் போடுவதில் எந்த பிரச்சினையும் இல்லை. இன்சூரன்ஸ் விஷயமும் இருக்கிறது. காரில் செய்த மாற்றத்தை கம்பெனிக்கு சொல்லாமல் விட்டால், விபத்து நடந்து கிளைம் கேட்கும்போது கேள்வி வரும். அப்போது வீட்டுக்காரம்மா தாலியைத்தான் அடகு வைக்க வேண்டி வரும்.

இந்த தலைவலி நமக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் மெக்சிகோ வம்சாவளி தொழிலாளிகள் காரை தாழ்த்தி ஊர்வலம் போவதை ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். சக்கர விளிம்புக்கு கீழே காரின் உடம்பு இறங்கக்கூடாது என்று 1958-ல் அங்கே சட்டம் வந்தது. மறு வருஷமே ஒருவர், பட்டனை தட்டினால் கார் ஏறி இறங்கும்படி ஹைட்ராலிக் பம்ப் மாட்டினார். போலீஸ் வந்தால் ஏற்றிவிடுவார், போனதும் இறக்கிவிடுவார்! தாழ்த்திய கார்களுக்கு இருந்த அந்த தடை 2024 ஜனவரி 1-ந்தேதிதான் அங்கே நீங்கியது.

பரணில் போடுங்கள்

இத்தனைக்கும் பிறகு "நான் மாற்றித்தான் தீருவேன்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 3 செ.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். ஒரிஜினல் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள், பழைய இரும்புக்கடையில் எடைக்கும் போடாதீர்கள். துடைத்து, லேசாக ஆயில் தடவி, கோணிப்பையில் சுற்றி பரணில் போட்டு வையுங்கள். எது இடது, எது வலது என்று சாக்பீசில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

காருக்கு 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி.யை புதுப்பிக்க மந்தைவெளியிலோ, திருவான்மியூரிலோ, கே.கே.நகரிலோ உள்ள ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு காரை நேரில் காட்ட வேண்டும். அதற்கு முன்பே விற்க நினைத்தாலும், செகண்ட் ஹேண்டில் குடும்பத்துக்கு கார் பார்க்க வருகிறவர் குனிந்து அடியில்தான் முதலில் பார்ப்பார். அன்றைக்கு அந்த பரண் ஸ்பிரிங்கை தேடுவீர்கள்.